செஸ் வரி முடிந்த நள்ளிரவும் ஒரு டெஸ்ட் சர்வரும்

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்து பில்லிங் மென்பொருள் எழுதுகிறோம். வாடிக்கையாளர்களில் பாதி பாலக்காட்டுப் பக்கம், மீதி பொள்ளாச்சிப் பக்கம். ஜிஎஸ்டி எண் 32 என்று தொடங்கினால் கேரளா, 33 என்றால் தமிழ்நாடு. சரக்கு மாநிலத்துக்குள்ளேயே போனால் வரி சிஜிஎஸ்டி (மத்திய அரசுக்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநிலத்துக்கு) என்று இரண்டாகப் பிரியும்; வாளையார் எல்லையைத் தாண்டினால் ஐஜிஎஸ்டி என்ற ஒரே வரி.

எழுத ஓர் இடம், சோதிக்க ஓர் இடம் (டெஸ்ட் சர்வர்), கடைக்காரர் பில் போட லைவ் என்று மூன்றும் தனித்தனியாக வேண்டும் என்பதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் செலவைக் குறைக்க நினைத்தால் முதலில் போவது டெஸ்ட் சர்வர்தான். "லைவிலேயே ஒரு பில் போட்டுப் பார்த்துடலாம் சார்" என்பார்கள்.

கேரள வெள்ள செஸ் என்ற கூடுதல் வரி வந்தபோது அது நடக்காது என்று புரிந்தது. 2019 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜூலை 31 வரை இருந்தது. கேரளாவுக்குள், ஜிஎஸ்டி பதிவில்லாதவருக்கு விற்றால் 1 சதவீதம் (தங்கத்துக்குக் குறைவு). 5 சதவீத வரிப் பொருள்களுக்குப் பொதுவாகக் கிடையாது. இதை நிரலில் எழுதுவது சுலபம். கடைசி நாள் நள்ளிரவில் சரியாக நிற்குமா என்பதுதான் கவலை. டெஸ்ட் சர்வரின் கடிகாரத்தை ஜூலை 31 இரவு 11.58-க்குத் திருப்பி ஒரு பில், 12 தாண்டியதும் இன்னொன்று போட்டோம். ஜூலையில் விற்றது ஆகஸ்டில் திரும்பி வந்தால் என்ன செய்வது என்ற கேள்வியே அங்கேதான் எழுந்தது. லைவில் கடிகாரத்தைத் தொட முடியுமா? அத்தனை கடையின் பில் தேதியும் குழம்பிவிடும்.

சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்னணு ஆவணமான இ-வே பில் இன்னும் கறார். தேசிய தகவலியல் மையம் சோதனைக்கென்றே சாண்ட்பாக்ஸ் என்ற தனித் தளம் தருகிறது. அதை விட்டு லைவில் தட்டினால் வருவது நிஜ ஆவணம். ரத்து செய்ய 24 மணி நேரம்தான். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் அப்படித் தட்டிப் பார்க்க, ஒரு வியாபாரி போன் பண்ணி, "நான் கேட்காத கொப்பரை எப்படிங்க வண்டி ஏறுச்சு?" என்று கேட்டாராம்.

டெஸ்ட் சர்வர் இருந்தால் மட்டும் போதாது. நிரல் எழுதுகிற பையன்கள் சோதனைக்குப் போடும் கடையும் அதில் வாங்குபவரும் எல்லாம் 32-ஆகவே இருக்கும். ஐஜிஎஸ்டி பக்கம் யாரும் போகவே மாட்டார்கள். அதனால் லைவ் தரவையே நகலெடுத்து, பெயரையும் போன் எண்ணையும் மாற்றிவிட்டுப் பயன்படுத்துகிறோம். எண்ணை மாற்றாவிட்டால் எஸ்எம்எஸ் நிஜ ஆளுக்கே போய்விடும்.

மாத விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1-க்கு அடுத்த மாதம் 11-ஆம் தேதி கெடு. அதற்கு முந்தைய சில நாள் லைவில் புது நிரல் எதுவும் ஏற்றக்கூடாது என்பது என் கட்சி. முதலாளி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.