தங்கைக்காக ஒரு பாடப்புத்தகத்தை முழுசாக ஸ்கேன் செய்தோம், சட்டப்படிதான்

என் தங்கைக்குப் பார்வை கிடையாது. எம்.ஏ. வரலாறு படிக்கிறாள். படிப்பதெல்லாம் லேப்டாப்பில், என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடர் வழியாகத்தான். யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில், இருக்கும் எழுத்தை அது வாசித்துக் காட்டும், அச்சுப் புத்தகத்தை என்ன செய்ய? பதிப்பகத்திடம் கேட்டோம், பிடிஎஃப் அனுப்பினார்கள். யூனிகோடு இல்லாத பழைய ஃபான்ட்டில் அடித்தது. பார்த்தால் அழகான தமிழ், வாசிக்கவிட்டால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக உளறுகிறது.

சரி, நாமே ஸ்கேன் செய்யலாம் என்று ஜெராக்ஸ் கடைக்குப் போனால், "முழுப் புத்தகமா? காப்பிரைட் பிரச்சினை வரும் சார்" என்று தயங்கினார். அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடை மீதே பெரிய பதிப்பகங்கள் 2012-இல் வழக்குப் போட்டன. பாடத்துக்காக நகலெடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது என்று 2016-இல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது, மறு வருடம் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றன.

எங்கள் விஷயத்துக்கு அதைவிட நேரடியான வழி இருப்பதை வக்கீல் நண்பர் ஒருவர் எடுத்துக் காட்டினார். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், 2012 திருத்தத்தில் சேர்த்த 52(1)(இசட்பி) பிரிவு. மாற்றுத்திறனாளிகள் படிக்கும்படியான வடிவத்துக்கு ஒரு படைப்பை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், அவர்களுக்குக் கொடுக்கலாம், லாபம் மட்டும் பார்க்கக் கூடாது, ஆன செலவை வாங்கிக்கொள்ளலாம். யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம். பார்வையற்றவர்கள் படிக்கும்படி புத்தகங்களை மாற்றித்தர வழிசெய்யும் மராகேஷ் என்ற சர்வதேச உடன்படிக்கையை உலகத்திலேயே முதலில், 2014-இல், உறுதி செய்த நாடும் இந்தியாதான். படித்தபோது எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அந்தப் பிரிவை பிரின்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன், கடைக்காரர் நிதானமாகப் படித்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார்.

ஸ்கேன் சுலபம், அதற்கப்புறம்தான் உண்மையான வேலை. கூகுள் டாக்ஸில் போட்டு எழுத்தாக மாற்றினோம். தமிழ் நன்றாகவே வருகிறது, ஆனால் கால் எழுத்தையும் ரகரத்தையும் குழப்பிவிடும். பாண்டியர் எல்லாம் பரண்டியர் ஆகிவிட்டார்கள். பக்கத்தின் தலையில் இருக்கும் அத்தியாயப் பெயரும் பக்க எண்ணும் வாக்கியத்துக்கு நடுவில் வந்து விழும், "ராஜராஜன் தஞ்சையில் 47 சோழர் ஆட்சி பெரிய கோயிலைக் கட்டினான்" என்று வாசிக்கும். இதையெல்லாம் பெரும்பாலும் கண்டுபிடித்தது அவள்தான். நான் கண்ணால் தாண்டிப்போன பிழையை அவள் காதால் பிடித்து, "அண்ணா, இங்கே ஒரு வரி விட்டுப்போச்சு" என்பாள், எடுத்துப் பார்த்தால் விட்டுத்தான் போயிருக்கும். அட்டவணைகளை மட்டும் கையால் வாக்கியங்களாக எழுதிச் சேர்த்தோம்.

அவள் வகுப்பில் பார்வைக் குறைபாடுள்ள இன்னொரு பையனுக்கும் ஃபைலைக் கொடுத்தோம், அதற்கும் இடம் உண்டு. டெலிகிராம் குரூப்பில் எல்லாருக்கும் போடச் சொன்னார்கள், முடியாது என்று சொல்லிவிட்டோம். சலுகை அச்சைப் படிக்க முடியாதவர்களுக்கானது, எழுதியவருக்கும் பிழைப்பு இருக்கிறது.

உங்கள் வீட்டில் இப்படி யாராவது படிக்கிறார்கள் என்றால், முதலில் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே மாற்றப்பட்ட புத்தகங்கள் அங்கே நிறைய இருக்கின்றன. இல்லையென்றால் பாடத்திட்டம் கைக்கு வந்த அன்றே ஸ்கேனை ஆரம்பித்துவிடுங்கள், பிழைதிருத்தம் நீங்கள் நினைப்பதைவிட நாள் இழுக்கும்.