குளத்துக்கு இரண்டு எல்லைகள்

திருநெல்வேலி நயினார்குளத்துக் கரையில் காலை நடைக்குப் போகும்போதெல்லாம் என் கண் நடுத்தண்ணீருக்குப் போவதில்லை. கணுக்கால் அளவே தண்ணீர் நிற்கும் சேற்று ஓரத்தில்தான் நிலைக்கிறது. நீலத்தாழைக்கோழி தன் நீண்ட விரல்களை அகல விரித்து அமலைச்செடிகளின்மேல் நடந்து வந்து, ஒரு தண்டை ஒற்றைக் காலால் பற்றி வாய்க்குக் கொண்டுபோவது அங்கேதான். கொக்குக்கும் அரிவாள் மூக்கனுக்கும் இரை கிடைப்பதும் அந்த ஓரத்தில்தான். ஆழமான தண்ணீரால் பயன் பெறுபவை நீர்க்காகமும் முக்குளிப்பானும் போன்ற சிலவே.

குளத்தை அழகுபடுத்தப் புறப்படும் திட்டங்கள் பெரும்பாலும் முதலில் அழிப்பது இந்த ஓரத்தையே. சரிந்து இறங்கும் உட்கரையைச் செங்குத்தாக வெட்டிச் சுவர் எழுப்பிவிட்டால், பார்வைக்குத் துப்புரவாக இருக்கும் அந்தக் குளம் பறவைக்கு வெறும் தொட்டியாகிவிடுகிறது. நடைபாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை (முழங்கால் வலிக்காரன் அப்படிச் சொல்லவும் முடியாது). அது கரையின் வெளிப்புறத்தில் அமையட்டும் என்பதே என் கட்சி.

நம் ஊர்க் குளம் எதுவும் தனித்து நிற்பதில்லை. சுத்தமல்லி அணைக்கட்டில் தாமிரபரணியிலிருந்து பிரியும் நெல்லைக் கால்வாய் நயினார்குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்த நீர் கீழ்க்குளத்துக்குப் போகும். காரும் பிசானமுமாக இரண்டு போகம் நெல் விளைந்த வயல்கள் மனைகளான பிறகு, மறுகால் ஓடைகள் சாக்கடைகளாகவே பார்க்கப்படுகின்றன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டிய 2023 டிசம்பர் மழையில், நம் ஊரில் அடைபட்ட ஓடைகளின் தண்ணீர் தெருக்களைத் தேடிக்கொண்டது. புதிய பேருந்து நிலையத்துக்கு வேய்ந்தான்குளம் என்ற பெயர் ஏன் வந்தது என்று மழைக்காலத்தில் யாரும் கேட்பதில்லை.

பறவையும் மனிதரும் ஒரே இடத்தில் வாழ முடியுமா என்று ஐயப்படுவோர் நம் மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்குப் போய்ப் பார்க்கலாம். 1994இல் சரணாலயமான அவ்வூரில் வீட்டு முற்றத்து மரங்களிலேயே சங்குவளை நாரைகள் கூடு கட்டுகின்றன. எச்சம் கலந்த குளத்து வண்டலை மக்கள் வயலுக்கு உரமாக்குகிறார்கள்.

நகரத் திட்ட வரைபடத்தில் குளத்தைச் சுற்றி ஒரே ஒரு கோடுதான் போடப்படுகிறது. மார்கழியில் தண்ணீர் தொடும் எல்லை வேறு, சித்திரையில் அது ஒதுங்கி நிற்கும் எல்லை வேறு. இடைப்பட்ட சேற்றுப் பட்டைதான் நான் சொல்லும் ஓரம். வரைபடம் தயாரிப்பவர்கள் அந்த இரண்டு மாதங்களிலும் ஒவ்வொரு முறை குளத்தங்கரைக்கு வந்து, இரண்டு கோடுகளையும் வரைந்துகொண்டு போகவேண்டும்.