அப்பாவின் மூக்கு

அக்டோபர் 5, 2024, சனி

மறுபடியும் சொன்னார். குருநானக் கல்லூரி சிக்னலில் வண்டி நின்றதுமே பின் சீட்டிலிருந்து, "டீசல் வாடை வருதுடா." நானும் மூச்சை இழுத்துப் பார்த்தேன். எனக்கு என்ன வரும்? 2021 மே மாதத்திலிருந்து எனக்குப் பிரியாணியும் பினாயிலும் ஒன்றுதான்.

அக்டோபர் 6, ஞாயிறு

வெள்ளிக்கிழமை ஃபுல் டேங்க் அடித்திருந்தேன். அதனால் முதல் சந்தேகம் டேங்க் மேல். பின் சீட்டைத் தூக்கினால் ஒரு வட்ட மூடி, அதற்குக் கீழே பம்ப்பும் மிதவையும் உட்காரும் வாய். ரப்பர் சீல் தேய்ந்திருந்தால் ஃபுல் டேங்கில் அங்கேதான் கசியும். தொட்டுப் பார்த்தேன். தூசி மாவு மாதிரி பறந்தது. டீசல் பட்டிருந்தால் அது பசையாக அப்பியிருக்கும். கிடைத்தது ஒரு பத்து ரூபாய் காசும், அப்பாவின் காலி மாத்திரை அட்டையும்.

காபித்தூள் டப்பாவை முகர்ந்து பார்த்தேன்: ஒன்றுமில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

டயாலிசிஸ் நாள். அப்பாவுக்கு எடை 2.8 கிலோ ஏறியிருந்தது. "தண்ணியே குடிக்கலடா" என்றார். நர்ஸ் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன்.

அவரை மெஷினில் போட்டுவிட்டுக் கீழே வந்து பானெட்டைத் திறந்தேன். நான்கு மணி நேரம் இருக்கிறதே. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் தலைகளை இணைத்துக்கொண்டு பென்சில் கனத்தில் ஒரு குழாய் போகிறது, மேலே நூல் பின்னலோடு. மிஞ்சும் டீசல் டேங்குக்குத் திரும்புகிற வழி. பதினைந்து வருடச் சூட்டில் நகம் இறங்காத அளவுக்கு இறுகிவிட்டிருந்தது. டிஷ்யூ பேப்பரைச் சுற்றி, இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டேன். இரண்டாவது இன்ஜெக்டர் பக்கம் ஈரம். இது அழுத்தம் குறைந்த பக்கம் என்பதால் கை வைக்கத் துணிந்தேன். இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தித் தரும் ரெயில் குழாய்ப் பக்கம் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலே போகும். அங்கே மயிரிழைக் கசிவில் விரலை நீட்டினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

அக்டோபர் 9, புதன்

புதுப்பேட்டை, உதிரிபாகக் கடைகள். ஹோஸை மீட்டர் கணக்கில் வெட்டித் தந்தார்கள். மெக்கானிக் பாய் அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டார். "பெரியவர் மூக்கு சும்மா சொல்லல சார்."

அக்டோபர் 10, வியாழன்

"பச்சை வாடை போயிடுச்சு. எரிஞ்ச வாடை அப்படியே இருக்கு."

இரண்டும் வேறயாப்பா என்று கேட்டேன். பச்சை மீனும் பொரிச்ச மீனும் ஒண்ணாடா என்றார். 31 வருடம் அரசு பஸ் ஓட்டியவர். இன்ஜின் பெட்டி இடது முழங்காலுக்குப் பக்கத்தில் கொதிக்கும் பழைய பஸ்கள். நான் வாதாடவில்லை. ஆனால் நம்பவும் இல்லை.

அக்டோபர் 12, சனி

ஆன்லைனில் வாங்கிய கார்பன் மோனாக்சைடு மீட்டர் வந்தது. தீப்பெட்டி மாதிரி இருக்கிறது. அந்த வாயுவுக்கு வாடையே கிடையாது என்பதுதான் என் பயம். ரத்தத்தில் ஆக்சிஜனை உட்காரவிடாமல் இருநூறு மடங்கு பிடிப்போடு இது உட்கார்ந்துகொள்ளுமாம். அப்பாவுக்கு ஹீமோகுளோபின் 8.1. கிட்னி போனால் ரத்தம் ஊறவைக்கும் ஹார்மோனும் போய்விடுகிறது. இருக்கிற கொஞ்ச ரத்தத்தையும் புகை பிடித்துக்கொண்டால்?

போகவர மீட்டரில் 0. வீடு வரும்வரை 0.

டயாலிசிஸ் டெக்னீஷியனிடம் கேட்டேன். யூரியா ஏறினால் வாயில் இரும்பு ருசி வரும், வாடையெல்லாம் மாறித் தெரியும், நிறையப் பேர் சொல்வார்கள் என்றார். சட்டென்று எல்லாம் விளங்கியது போல் இருந்தது. வண்டிக்கு ஒன்றுமில்லை.

அக்டோபர் 14, திங்கள்

நாளைக்குக் கனமழை எச்சரிக்கை. வேளச்சேரிக்காரர்கள் எல்லோரும் பாலத்தின் மேல் கார்களை ஏற்றி வரிசை கட்டிவிட்டார்கள். நானும் ஏற்றிவிட்டு நனைந்துகொண்டே நடந்து வந்தேன். நாளைக் காலை அப்பாவை எப்படிக் கூட்டிப்போவது என்று யோசித்துக்கொண்டே தூக்கம் போய்விட்டது. மெஷினை ஒரு நாள் தள்ளலாம். தள்ளினால் எடை?

அக்டோபர் 15, செவ்வாய்

போய்விட்டோம். கணுக்கால் தண்ணீரில் பாலம் வரை ஆட்டோ, அங்கிருந்து நம் வண்டி. கண்ணாடி முழுக்க ஆவி. துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, வெளிக்காற்றைத் திறந்து கண்ணாடி மேல் ஊதவிட்டேன். கிண்டி தாண்டுவதற்குள் அப்பா துண்டை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டார். "நிறுத்துடா, குமட்டுது."

நான் கத்திவிட்டேன். "வாடை வண்டில இல்லப்பா, உங்க ரத்தத்துல இருக்கு. மீட்டர் சைபர் காட்டுது பாருங்க."

அதன் பிறகு அவர் பேசவில்லை. துண்டையும் எடுக்கவில்லை.

அக்டோபர் 16, புதன்

மழை. காபித்தூள்: ஒன்றுமில்லை.

அக்டோபர் 17, வியாழன்

செவ்வாய் ஏன் அவ்வளவு குமட்டியது என்று ராத்திரி முழுக்க அதையே உருட்டிக்கொண்டிருந்தேன். அன்று மட்டும் நான் செய்தது என்ன? வெளிக்காற்று.

இன்று அவருக்குத் தெரியாமல் சோதித்தேன். சிக்னலில் நிற்கும்போது லீவரை வெளிக்காற்றுக்குத் தள்ளினேன். உள்கண்ணாடியில் பார்த்தால் துண்டு மூக்குக்குப் போகிறது. உள்காற்றுக்கு மாற்றினேன். கொஞ்ச நேரத்தில் துண்டு மடிக்கு இறங்குகிறது. நான்கு சிக்னலில் நான்கு முறையும் அப்படியே. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து என் கை தெரியாது.

வெளிக்காற்று வருவது முன்கண்ணாடிக்கு அடியில் உள்ள ஓட்டையிலிருந்து. இன்ஜின் அறையில் எது கசிந்தாலும், வண்டி நிற்கும்போது அதை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். ஓடும்போது காற்று அடித்துக்கொண்டு போய்விடும். சரி, மீட்டர்? டீசல் இன்ஜினில் கார்பன் மோனாக்சைடே கொஞ்சம்தான், வாடைதான் அதிகம். இது எனக்குத் தெரியாததா? தெரியும். அவரை நம்பாமல் இருக்க எனக்கு ஒரு சைபர் தேவைப்பட்டிருக்கிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

விடியற்காலை, இன்ஜின் சில்லென்று இருக்கும்போதே ஆரம்பித்தேன். புகை வெளியேறும் வழியில் உள்ள மேனிஃபோல்ட், டர்போ இணைப்புகளில் ஓட்டை இருந்தால் குளிர்ந்த நிலையில் டிக் டிக் என்று தட்டும். இரும்பு சூடேறி விரிந்ததும் அடைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாகிவிடும். ஸ்டார்ட் செய்து ஊதுபத்தியைக் கொளுத்தி ஒவ்வொரு ஜாயின்ட் பக்கமாகக் கொண்டுபோனேன். கசிவு இருந்தால் புகை திடுக்கென்று ஒதுங்கும். டர்போ வாயில் ஒதுங்கவில்லை. டர்போவுக்குக் கீழே இறங்கும் பைப்பிலும் இல்லை. கரிக்கோடும் எங்கும் இல்லை. எதிர்வீட்டு மாமி காம்பவுண்டுக்கு மேலிருந்து, "ஆயுத பூஜை போன வாரமே முடிஞ்சுடுத்தே" என்றார்.

அப்புறம்தான் மேலே இருந்த பிளாஸ்டிக் கவரைக் கழற்றினேன். மூன்றாவது இன்ஜெக்டரின் அடியில் தார். ரோட்டுக்குப் போடுகிற தாரேதான், கறுப்பாக, வெடித்து, மேடு கட்டி. சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். ஐடிலிங்கில் அது சுக் சுக் சுக் என்று குமிழி விட்டது. சிலிண்டருக்குள் வெடிப்பதில் ஒரு துளி, இன்ஜெக்டரின் ஓரமாகவே வெளியேறிக்கொண்டிருக்கிறது. சைலன்சர் வரை போகவே இல்லை.

அப்பாவை வாசலுக்கு அழைத்து வந்து காட்டினேன். குனிந்து பார்த்தார். "காப்பர் வாஷர்" என்றார். போய்ப் படுத்துக்கொண்டார்.

அக்டோபர் 21, திங்கள்

பாய் கடை. ராத்திரியே ஆயில் ஊற்றி ஊறவைத்திருந்தும் இன்ஜெக்டர் அசைய ஒரு மணி நேரம் ஆனது. வாஷர் காகிதம்போல் ஒரு பக்கம் அரித்துப் போயிருந்தது. வாஷரை மட்டும் மாற்றினால் போதாது, அது உட்காரும் தளத்தைக் கட்டர் போட்டுச் சீவ வேண்டும், இல்லையென்றால் ஆறு மாதத்தில் திரும்ப வருவீர்கள் என்றார். பழைய போல்ட்டைத் திரும்பப் போடமாட்டேன், ஒரு தடவை இழுபட்டது இழுபட்டதுதான் என்றும். அடுத்த மாதம் பதினைந்து வருடம் முடிகிறது, எஃப்.சி. வேறு எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

"வாடை?"

"ஒண்ணும் வரலடா."

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளியானாலும் மெஷினுக்கு லீவு இல்லை. காலை ஐந்தரைக்கே தெரு முழுக்க வெள்ளைப் புகை, எதிரே வருகிற வண்டி தெரியவில்லை. ஜன்னல் திறந்தே இருந்தது. அப்பாவுக்கு வெடி மருந்து வாடை ரொம்பப் பிடிக்கும். சின்ன வயதில் வெடித்த காகிதத்தைப் பொறுக்கி முகர்வார், அம்மா திட்டுவாள்.

"எப்படிப்பா இருக்கு வாடை?"

"புகைதான் கண்ணைக் கரிக்குது."

"வாடைப்பா."

"ஒண்ணும் வரலடா" என்றார், அன்றைக்குச் சொன்ன அதே குரலில்.

நவம்பர் 3, ஞாயிறு

கவரைக் கழற்றி நான்கு இன்ஜெக்டரிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றினேன். குமிழி இல்லை. இன்ஜின் சூடான பிறகு இன்னொரு முறை. இல்லை.

காபித்தூள் டப்பாவை அவரிடம் நீட்டலாம் என்று எடுத்துப் போனேன். தூங்கிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 5, செவ்வாய்

வெளிக்காற்றில் வைத்தே ஓட்டினேன், எல்லா சிக்னலிலும் கண்ணாடியில் அவர் கையைப் பார்த்துக்கொண்டு. துண்டு மடியிலேயே இருந்தது.