பின்கட்டு, மூன்றாம் மாடி

செப்டம்பர் 28, 2024, சனி

வந்து சேர்ந்தேன். இரவு 11.20. பெர்லின், வெடிங்.

விமான நிலையத்தில் ரயில் டிக்கெட் 4.40 யூரோ. வாங்கினால் மட்டும் போதாதாம். நடைமேடையில் நிற்கும் சின்னப் பெட்டிக்குள் நுழைத்து முத்திரை குத்த வேண்டுமாம். குத்தாவிட்டால் டிக்கெட் இல்லாத கணக்கு, 60 யூரோ அபராதம். இதையெல்லாம் பக்கத்து அறைக்காரி சொன்னபோது நான் வீட்டுக்குள் வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு ‘வந்துட்டேன்’ என்று அனுப்பினேன். உடனே இரண்டு நீல டிக். அங்கே விடியற்காலை மூன்று மணி. தூங்காமல் இருந்திருக்கிறாள். இன்னொருவர் தூங்கினாரா என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சட்டமே அப்படித்தான். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் தெரிந்திருக்கும். தலைமை ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடை மட்டும் திறந்திருக்கும் என்றார்கள். போனால் என்னைப் போன்றவர்கள் எல்லாரும் அங்கே. ரொட்டி, வாழைப்பழம், முட்டை, ஒரு பாட்டில் தண்ணீர். குடித்தால் சோடா. பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் வேறு. திருப்பிக் கொடுத்தால்தான் வரும்.

அக்டோபர் 1, செவ்வாய்

எழுதி வைத்தால் தலைசுற்றல் குறையுமா பார்ப்போம்.

என் பணம் முடக்கக் கணக்கில் இருக்கிறது. படிக்க வருகிறவர்கள் ஒரு வருடச் செலவை முன்கூட்டியே போட்டு வைக்கும் கணக்கு. 11,208 யூரோ, மாதம் 934 வீதம் வெளியே வரும். (செப்டம்பர் முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 11,904 ஆக்கிவிட்டார்கள். நான் தப்பித்தேன்.) அது வெளியே வர எனக்கு இங்கே ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். நான் போன வங்கியில் முகவரிப் பதிவுச் சான்று கேட்கிறார்கள். முகவரியைப் பதிய வார்டு அலுவலகத்தில் நேரம் வாங்க வேண்டும். அங்கே போகும்போது வீட்டுக்காரர் தந்த ஒரு தாள் கையில் இருக்க வேண்டும். தாளின் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். இப்படி ஒரு சொல்லை வைத்துக்கொண்டிருக்கும் ஊரில்தான் என் அப்பாவின் பெயர் நீளம் என்கிறார்கள்.

குடிவந்த 14 நாளுக்குள் பதிய வேண்டும். அதாவது 12ஆம் தேதிக்குள்.

கையில் 610 யூரோ.

அக்டோபர் 3, வியாழன்

இன்றும் கடை இல்லை. இரண்டு ஜெர்மனியும் ஒன்றான நாளாம். மகிழ்ச்சி.

அக்டோபர் 4, வெள்ளி

தபால் பெட்டி.

இது பழைய வாடகைக் கட்டடம். தெருவைப் பார்த்து ஒரு வீடு, நடுவில் முற்றம், அதைத் தாண்டிப் பின்கட்டு. நாங்கள் பின்கட்டில் மூன்றாம் மாடி. ஆனால் இதை யாரும் முகவரியில் எழுதுவதில்லை. தெரு, கட்டட எண், ஊர், அவ்வளவுதான். வீட்டுக்குத் தனி எண்ணே கிடையாது. அப்படியானால் தபால்காரர் எதை வைத்துப் போடுவார்? பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை வைத்து. அதுவும் குடும்பப் பெயரை.

எனக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயர் இருக்கிறது. பெட்டியில் ஏற்கெனவே இரண்டு பெயர்கள். அவற்றுக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்குத்தான் இடம். வெள்ளைத் தாளில் அப்பா பெயரை எழுதினேன். ஆங்கிலத்தில் 14 எழுத்து. கடைசி மூன்று எழுத்து நெருங்கிப்போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டது. கிழித்துப் போட்டு மறுபடி எழுதினேன். நான்காவது தாளில்தான் சரியாக வந்தது. டேப் போட்டு ஒட்டினேன்.

கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். என் பெயர் எங்கேயும் இல்லை. அப்பாதான் இங்கே குடியிருக்கிறார்.

கல்விக் கடன் பத்திரத்தில் 11 இடத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி வைத்தார். எழுந்து போனார். அவ்வளவுதான்.

அக்டோபர் 7, திங்கள்

காலை எட்டு மணிக்கு இணையத்தில் நேரங்கள் திறக்கும் என்றார்கள். 7.55 முதல் உட்கார்ந்தேன். நாட்காட்டியில் நீலமாக வந்தால் காலி, சிவப்பு என்றால் இல்லை. 8.02க்கு ஒரு நீலம். அழுத்துவதற்குள் போயிற்று. இப்படியே 11 மணி வரை. கடைசியில் 22ஆம் தேதி, மார்ட்சானில் ஒன்று கிடைத்தது. நகரத்தின் அந்தக் கோடி. எந்த வார்டில் பதிந்தாலும் செல்லும் என்பது ஒரு புண்ணியம். 12ஆம் தேதி தாண்டிவிடுமே என்றால், முன்பதிவுத் தாளைக் காட்டு, யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்கிறாள் பக்கத்து அறைக்காரி. அவள் எதற்கும் கவலைப்படுகிறவள் இல்லை. அதனாலேயே அவள் சொல்வதை நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அம்மா வரைபடத்தில் எங்கள் பேட்டையான வெடிங்கின் ஆங்கில எழுத்தைப் பார்த்துவிட்டு, “கல்யாணம்னு ஒரு ஊரா?” என்றாள். பின்னால் யாரோ தொண்டையைச் செருமியது கேட்டது. அம்மா பேச்சை மாற்றிவிட்டாள்.

அக்டோபர் 9, புதன்

குப்பை கொட்டப் போனேன். நீலத்தில் காகிதம், பழுப்பில் காய்கறித் தோல், கறுப்பில் மற்றவை. எல்லாம் சரியாகப் பிரித்துப் போட்டுத் திரும்பினால் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டிருக்கிறது. இங்கே கதவுக்கு வெளிப்புறம் திருகும் கைப்பிடி கிடையாது. வெறும் குமிழ்தான். சாவி உள்ளே. போனும் உள்ளே. கையில் காலி வாளி.

இரண்டு மணி நேரம் முற்றத்துக்கும் தெருவாசலுக்கும் நடந்தேன். வாசலில் அழைப்பு மணிப் பலகை. வரிசையாகக் குடும்பப் பெயர்கள், எண்ணினேன், 22. அதில் நாங்கள் இல்லவே இல்லை. எங்கள் மணிக்கு நேராக, எப்போதோ குடியிருந்து போன ஒருவரின் பெயர் இன்னும் இருக்கிறது. அவர் இப்போது எங்கே இருப்பாரோ, அவருக்கு வரும் கடிதமெல்லாம் எங்கே போகிறதோ.

குளிர் காலில் ஏறிற்று. பூட்டுத் திறக்க ஆள் கூப்பிட்டிருந்தால் ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு போயிருக்கும்.

அக்டோபர் 12, சனி

14ஆம் நாள். ஒன்றும் நடக்கவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

முதல் வகுப்பு. பத்து மணி என்று போட்டிருந்தது. 9.50க்குப் போனேன். அறையில் நான் மட்டும். பத்தானது, யாரும் வரவில்லை. கட்டடத்தை மாற்றிவிட்டேனோ என்று இரண்டு முறை வெளியே போய்ப் பலகையைப் பார்த்தேன். 10.13க்கு ஒரே சமயத்தில் எல்லாரும் வந்தார்கள். 10.15க்குப் பேராசிரியர் தொடங்கினார். பல்கலைக்கழகப் பத்து மணி என்றால் பத்தேகாலாம். வழக்கமாம்.

பட்டியல் வாசித்தார். “ஃப்ராவ்” (பெண்களுக்கான மரியாதைச் சொல்) என்று சொல்லி அப்பா பெயரைச் சொன்னார். நான் பேசாமல் இருந்தேன். மறுபடி சொன்னார். பக்கத்தில் இருந்தவன் என் தாளைப் பார்த்துவிட்டு என்னைத் தட்டினான். கையைத் தூக்கினேன். முகமெல்லாம் சூடு.

வகுப்பு முடிந்ததும் எல்லாரும் மேசையை விரலால் தட்டினார்கள். கைதட்டுக்குப் பதில் அது. நானும் தட்டினேன். கொஞ்சம் பிந்தித் தட்டிவிட்டேன்.

அக்டோபர் 16, புதன்

“அப்பா வெளியே போயிருக்காரும்மா,” என்றாள் அம்மா. அங்கே இரவு பத்து மணி.

அக்டோபர் 18, வெள்ளி

முடக்கக் கணக்குக்காரர்களிடமிருந்து மின்னஞ்சல். எனக்கு அனுப்பிய கடிதம் அவர்களுக்கே திரும்பி வந்துவிட்டதாம். பெறுநரைக் கண்டறிய முடியவில்லையாம். கீழே ஓடினேன். மழையில் டேப் உரிந்து, தாளில் பாதி இல்லை. ஆறு எழுத்துதான் மிச்சம்.

புதிதாக எழுதினேன். இந்த முறை தாளின் மேலும் கீழும் டேப். ஓரங்களை நகத்தால் அழுத்தினேன்.

உ9 சுரங்க ரயிலில் போகும்போது வெஸ்ட்ஹாஃபன் நிலையம் வரும். அதன் சுவர் ஓடுகளில் மனித உரிமைப் பிரகடனத்தைப் பதித்திருக்கிறார்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளியே இல்லாமல் எழுத்து எழுத்தாக ஓடுகிறது. எங்கே ஒரு சொல் முடிகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் ரயில் கிளம்பிவிடும். இன்று இறங்கி அடுத்த ரயில் வரும் வரை வாசித்துப் பார்த்தேன். ஒரு வரிகூட முடியவில்லை. கையில் 310 யூரோ.

அக்டோபர் 22, செவ்வாய்

மார்ட்சான். எஸ்7 ரயில், பெரிய பெரிய அடுக்குமாடிகள். என் எண் திரையில் வந்தது. உள்ளே ஏழு நிமிடம். கட்டணம் இல்லை.

அந்த அம்மாள் என் மதம் கேட்டார். திகைத்துவிட்டேன். தேவாலய வரிக்காகவாம், உறுப்பினராக இருந்தால் வருமான வரியில் 9 சதவீதம் பிடிப்பார்கள். இல்லை என்றேன். அப்புறம் பாஸ்போர்ட்டைப் பார்த்து அப்பா பெயரை அசை அசையாக, ஒரு எழுத்தும் விடாமல் வாசித்தார். “சரியா?” என்றார். அவ்வளவு சரியாக அதை இங்கே யாரும் சொன்னதில்லை. ஆமாம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

பதிவுத் தாளைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். நீல டிக். பதில் இல்லை. அரை மணி கழித்து, “இன்னொரு தரம் தெளிவா எடுத்து அனுப்பு. எழுத்து தெரியலையாம்.”

தெரியலையாம்.

அக்டோபர் 27, ஞாயிறு

இரவு மூன்று மணியை இரண்டு மணியாக்கிவிட்டார்கள். குளிர்கால நேரம். போன் தானே மாற்றிக்கொண்டது. நான்தான் கவனிக்கவில்லை.

ஞாயிறுதோறும் ஒன்பது மணிக்கு அம்மாவைக் கூப்பிடுவேன். அங்கே பன்னிரண்டரை, சமையல் முடிந்திருக்கும். இன்றும் ஒன்பதுக்குத்தான் கூப்பிட்டேன். வெகுநேரம் அடித்தது.

“அம்மா தூங்குறா.”

எனக்குக் குரல் வரவில்லை.

“அங்க என்ன மணி?”

“ஒன்பதுப்பா.”

“பத்துல்ல ஆகணும்?”

மணியை மாற்றிய கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். “அப்ப இனிமே நாலரை மணி வித்தியாசமா,” என்றார். ஆமாம் என்றேன். பின்னால் மின்விசிறிச் சத்தம். வைத்துவிட்டார் என்று நினைத்துத் திரையைப் பார்த்தேன், விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. “சரி, அவ எழுந்ததும் சொல்றேன்,” என்றார். ஒரு நிமிடம் 52 விநாடி.

அக்டோபர் 28, திங்கள்

கடிதம் வரவில்லை. டேப் அப்படியே இருக்கிறது.