பிரேக் பேடில் மிச்சமிருந்தது வெறும் இரும்பு

கத்திப்பாரா மேம்பாலம் இறங்கும்போது முன்சக்கரத்தில் இரும்பு உரசுகிற சத்தம் வருவதாகத் தம்பி சொன்னான். அப்பா காலத்து கார் அது. இன்று ஆதம்பாக்கத்தில் தெரிந்த மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் மிதித்தால் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேடுகளில் உள்பக்க பேடை எடுத்து என் கையில் வைத்தார். புதுசாக இருக்கும்போது சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும் உராய்வுப் பகுதி சுத்தமாக இல்லை. வெறும் இரும்புத் தகடு. டிஸ்க்கில் விரல் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம்.

"இதுக்கு மேல ஓட்டியிருந்தா பிரேக் ஆயில் ஒழுகி, மிதிச்சா பெடல் கீழ போயிருக்கும் சார்" என்றார். இந்த வண்டியில்தான் அம்மாவும் குழந்தைகளும் போகிறார்கள். கை நடுங்கிவிட்டது.

வெளிப்பக்க பேட் நன்றாகத்தான் இருந்தது! பேடுகளை அழுத்தும் கேலிப்பர் நகர உதவும் பின் (pin) துருவேறி இறுகியதால் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. சக்கரத்தின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களே, தயவுசெய்து சக்கரத்தைக் கழற்றச் சொல்லி இரண்டு பக்கமும் பாருங்கள். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். பேட் தேயத் தேய பிரேக் ஆயில் மட்டமும் இறங்கும். குறைந்தால் ஊற்றிவிட்டுப் போகாமல் காரணம் கேளுங்கள். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், நம்ம ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

புதுப்பேட்டையில் பழைய கதவு, கண்ணாடி வாங்கலாம். பிரேக் பேட் மட்டும் புதுசுதான். டிஸ்க், பேட் எல்லாம் ஜோடியாக மாற்றச் சொல்லியிருக்கிறோம். சாயங்காலம் வண்டி கிடைக்கும்.