மேய்க்கால் நிலத்தை விற்க விடாமல் நிறுத்தினோம்: மேலூர்ப் பக்கத்து அனுபவம்

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு கரடு இருக்கிறது. அதன் அடிவாரத்தில் 40 ஏக்கர் சொச்சம் புறம்போக்கு. அதை ஒரு தனியார் நிறுவனத்துக்கு விலைக்குக் கொடுக்கக் கோப்பு ஓடியது, ஊர் சேர்ந்து நிறுத்தியது. எப்படி என்று அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். ஊர்ப் பேரும் நிறுவனத்தின் பேரும் வேண்டாம், விவகாரம் இன்னும் முழுசாக முடியவில்லை. நான் வக்கீலும் இல்லை, இயக்கக்காரனும் இல்லை. இ-சேவை மையம் வைத்திருக்கிறேன், அதனால் வருவாய்த்துறைக் காகிதங்களோடு கொஞ்சம் பழக்கம் உண்டு, அவ்வளவுதான்.

வெளியூர் ஆள் அந்த இடத்தைப் பார்த்தால் பொட்டல் என்றுதான் சொல்வார். கல்லும், சூரைமுள்ளும், ஆவாரையும், ஆங்காங்கே உசிலையும். மழை ஒன்று நன்றாக விழுந்தால் கொழுக்கட்டைப்புல் எழும்பிவிடும், ஊர் மாடும் வெள்ளாடும் அங்கேதான். கோயில் மாட்டுக்கும் அதுதான் இடம். அறுப்பு முடிந்ததும் புலிக்குளம் மாடுகளை ஓட்டிக்கொண்டு கிடைக்காரர்கள் வருவார்கள், சாணி உரத்துக்காக வயலில் மாட்டை அடைத்துக் கிடை போடுவது இரவில் என்றால் பகலில் மாடு மேய்வது இந்தக் கரட்டடியில். கௌதாரி, ஆள்காட்டி, உடும்பு, முயல் எல்லாம் உண்டு, அழுங்கு (எறும்புத்தின்னி) இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள், நான் பார்த்ததில்லை. மழைத்தண்ணீர் கரட்டிலிருந்து இறங்கி ஒரு சின்ன ஓடையாக ஓடிக் கண்மாய்க்கு வருகிறது. இந்த ஓடைதான் பின்னால் எங்களுக்குப் பெரிய துணையாக வந்தது.

ஏ1 நோட்டீஸ் என்று ஒன்று உண்டு. அரசு நிலத்தை ஒருவருக்குக் கொடுக்கப் போகிறோம், ஆட்சேபணை இருந்தால் இந்தத் தேதிக்குள் சொல்லுங்கள் என்று ஊரில் ஒட்டுவார்கள். தேதிக்குள் யாரும் எழுதவில்லை என்றால் ‘ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை’ என்று கோப்பில் ஒரு வரி ஏறிவிடும், அப்புறம் அந்த ஒரு வரியை வைத்தே எல்லாக் கையெழுத்தும் விழும். நிறைய நிலம் இப்படித்தான் சத்தமில்லாமல் போகிறது. எங்கள் ஊரில் ஒலிபெருக்கியில் அறிவித்ததாகப் பின்னால் கோப்பில் படித்தோம். தண்டோரா வேண்டாம் என்று 2022இலேயே அரசு சொல்லிவிட்டது, சரி, ஆனால் மைக் கட்டிய ஆட்டோ எந்தத் தெருவில் வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சாதிச் சான்று விஷயமாகக் கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போன பையன் ஒருவன் சுவரில் இருந்ததைப் படம் எடுத்து வந்து காட்டினான், அதனால் தெரிந்தது.

அன்றைக்கே சாயங்காலம் மந்தையில் கூடினோம். இளவட்டங்களுக்கு அரிட்டாபட்டிதான் நினைப்பு. அது நியாயமும்கூட. எங்களுக்குப் பக்கத்தில் நடந்த விஷயம், டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கமிருந்து மதுரைக்கு நடந்துபோன கூட்டத்தில் எங்கள் ஊர்க்காரர்களும் இருந்தோம், அதே மாதம் 23ஆம் தேதி டங்ஸ்டன் ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது. அதனால் “நாமளும் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு அறிவிக்கச் சொல்லி மனுக் கொடுப்போம்” என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரத்தில் 193 ஹெக்டேருக்கு அந்த அறிவிப்பு 2022 நவம்பரிலேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டிலேயே முதல் தலம் அதுதான். அப்படியும் அந்த இடத்தையும் சேர்த்துத்தான் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு ஏலம் போட்டார்கள். ஏலம் நின்றது பெயர்ப்பலகையால் அல்ல, அத்தனை ஊர்ச் சனமும் தெருவுக்கு வந்ததால். 40 ஏக்கருக்காக அவ்வளவு கூட்டம் வராது. எங்களுக்குக் காகிதம்தான் வழி. அதிலும் ‘இயற்கையைக் காப்போம்’ என்ற காகிதம் வேலைக்கு ஆகாது, ‘இது இன்னார் பயன்படுத்தும் நிலம்’ என்று காட்டும் காகிதம் வேண்டும் என்பது என் கருத்து. 2025 ஜூனில் அமெரிக்காவில் இருபது லட்சம் ஏக்கருக்கு மேல் பொது நிலத்தை விற்க மசோதாவில் ஒரு பிரிவு சேர்த்தார்கள், அதைத் திரும்பப் பெற வைத்ததில் சுற்றுச்சூழல்காரர்களுக்குச் சமமாக அங்கே வேட்டைக்கும் மீன்பிடிக்கவும் போகிறவர்களுக்குப் பங்கு உண்டு. அந்த இடத்தில் தினமும் கால் வைக்கிறவன் பேசினால் எடை கூடுதல், எந்த ஊராக இருந்தாலும்.

முதல் வேலை ஆட்சேபணை. ஒரே மனுவில் ஐந்நூறு கையெழுத்து வாங்குவதுதான் வழக்கம், ஆனால் அது அலுவலகத்தில் ஒரே ஒரு மனுவாகத்தான் பதிவாகும். நாங்கள் வீட்டுக்கு ஒரு மனுவாகக் கொடுத்தோம். புல எண், எங்கள் வீட்டில் இத்தனை மாடு, இத்தனை ஆடு, இந்த நிலத்தில்தான் மேய்க்கிறோம், நேரில் விசாரிக்காமல் முடிவெடுக்கக் கூடாது. அரைப் பக்கத்துக்கு மேல் போகவில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் நகலில் முத்திரை வாங்கினோம், முத்திரை போடத் தயங்கிய மனுக்களை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினோம். மாட்டு எண்ணிக்கைக்கு ஆதாரம் என்ன என்று ஒருத்தர் கேட்டார். நல்ல கேள்விதான். கோமாரித் தடுப்பூசி போடும்போது கால்நடை மருத்துவமனையில் வீட்டுவாரியாக எழுதுகிறார்கள், மாட்டுக்குக் காதில் வில்லையும் போடுகிறார்கள். அந்த வில்லை எண்களையே மனுவில் எழுதிக் கொடுத்தோம். பால் சங்கத்துக் கணக்கும் இணைத்தோம். இதற்கு மேல் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அடுத்தது நிலத்தின் வகைப்பாடு. இதில்தான் விஷயமே இருந்தது. புல எண்வாரியாக நிலத்தின் வகையைக் காட்டும் அ-பதிவேட்டை அரசின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்தால் எங்கள் கரட்டடி ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்று இருக்கிறது. ஊரில் எல்லோரும் மேய்க்கால், அதாவது மேய்ச்சலுக்கு விட்ட புறம்போக்கு, என்றுதான் நினைத்திருந்தோம். இரண்டுக்கும் வித்தியாசம் ரொம்பப் பெரிசு. மேய்க்கால், ஓடை, கண்மாய், சுடுகாடு எல்லாம் ஆட்சேபகரமான புறம்போக்கு, லேசில் கொடுக்க முடியாது. மேய்க்காலை எடுத்தால் ஈடாக வேறு மேய்ச்சல் நிலம் காட்ட வேண்டும் என்று வட்டாட்சியர் அலுவலகத்திலேயே ஒருவர் சொன்னார். மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, தோப்பு போன்ற புறம்போக்குகள் ஊராட்சியின் பொறுப்பில் வரும் என்று 1994ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டத்தில் 134ஆவது பிரிவு இருக்கிறது. தரிசு என்று எழுதிவிட்டால் இந்தக் கேள்வி எதுவும் எழாது.

சரி, எப்போது தரிசாக மாறியது? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். வெள்ளைத்தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், வேறு எதுவும் வேண்டாம். இங்கே ஒரு யோசனை சொல்கிறேன்: நகல் மட்டும் கேட்காதீர்கள், கோப்பை நேரில் பார்வையிட வேண்டும் என்றும் எழுதுங்கள். நகல் கேட்டால் எதைக் கொடுப்பது என்று அவர்கள் முடிவு செய்வார்கள், நேரில் பார்த்தால் எது வேண்டும் என்று நாம் சொல்லலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. எங்களுக்கு 30 நாளில் பதில் வரவில்லை, முதல் மேல்முறையீடு போட்ட பிறகுதான் கூப்பிட்டார்கள். கோப்பில் இருந்த குறிப்புகளைப் படித்தபோது, நிலத்தை ‘பயன்பாட்டில் இல்லாத தரிசு’ என்று யாரோ நேரில் வராமலே எழுதியிருந்தது தெரிந்தது. ஆட்சியர் அலுவலக ஆவணக் காப்பறையில் பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டின் நகலுக்கு மனுப் போட்டோம். அதில் பழைய புல எண்ணுக்கு எதிரே தெளிவாக ‘மேய்க்கால்’. 1980களில் யு.டி.ஆர். நடந்தபோது பதிவேடுகளைப் புதுசாக எழுதினார்கள் அல்லவா, அந்தச் சமயத்தில் மாறியிருக்கிறது. எழுதியவர் கை தவறியதா, வேண்டுமென்றே செய்ததா, இனி யாரைக் கேட்பது. பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே இடம்தான் என்று காட்ட ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர் புலப்படத்தை வைத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தார். அப்போதுதான் அந்த ஓடை புலப்படத்தில் வரைந்திருப்பதையும் காட்டினார். கோப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கிராம சபையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து தனி அலுவலர் வசம் போய்விட்டது. ஊராட்சிக்கு ஆட்சேபணை இல்லை என்று தீர்மானம் வேண்டுமானால் அவர் கையெழுத்தே போதும். அதனால் ஆகஸ்ட் 15 கிராம சபையை விடக் கூடாது என்று முடிவு செய்தோம். கோரம், அதாவது குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள், மக்கள்தொகை 501 முதல் 3000 வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர், 10,000 வரை 200 பேர் வேண்டும். நாங்கள் அதைவிட நிறையப் பேரைக் கூட்டி, தீர்மானத்தை வாசிக்கச் சொல்லி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்த பிறகு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்த பிறகே கலைந்தோம். ‘பரிசீலிக்கலாம்’ என்று எழுதப் பார்த்தார்கள், ‘ஆட்சேபிக்கிறது’ என்று மாற்ற வைத்தோம். தீர்மானம் ஒன்றே கோப்பை நிறுத்திவிடாதுதான், ஆனால் கோப்புக்குள் அது இருக்கும்போது யாரும் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுத முடியாது.

ஊர் முழுக்க ஒரே பக்கம் நின்றது என்று சொன்னால் பொய். அதே கிராம சபையில் ஒரு தங்கச்சி எழுந்து கேட்டாள்: “அண்ணே, மாடு ஒங்க வீட்ல இருக்கு, நெலம் வேணுங்கிறீங்க. எங்க வீட்ல மாடும் இல்ல, காடும் இல்ல. ஒரு வேலை வந்தா கெடுக்குறீங்களே?” அதற்குக் கை தட்டினவர்களும் உண்டு. எனக்கு உடனே பதில் வரவில்லை. கோப்பில் நிறுவனம் கொடுத்த திட்ட அறிக்கை இருந்தது, அதில் உள்ளூர் ஆட்களுக்கு வேலை என்று ஓரிடத்திலும் எண்ணிக்கை போட்டு எழுதவில்லை. அந்த நகலைப் பிறகு அவள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். அவள் முழுசாகச் சமாதானம் ஆனாள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எதிர்த்துப் பேசவில்லை.

கோட்டாட்சியர் இடத்தைப் பார்க்க வந்தது உச்சி வெயிலில். “மேய்ச்சல் நிலம்ங்கிறீங்க, ஒரு மாட்டைக்கூடக் காணோமே?” என்றார். எங்களோடு வந்திருந்த கிடைக்காரப் பெரியவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே, “ஐயா, இந்த வெயில்ல மாடு இங்க எதுக்கு நிக்கும், மரத்தடியில படுத்திருக்கும். பொழுது சாய வாங்க. இல்லன்னா கீழ பாருங்க, காலடியிலயே கெடக்கு” என்றார். கோட்டாட்சியர் கீழே பார்த்தார், சாணியில் கால் வைக்காமல் தள்ளி நின்றுகொண்டார், சிரித்தும் விட்டார். அப்புறம் ஓடையைக் காட்டினோம். புலப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்.

நடுவில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகலாமா என்றும் ஒரு பேச்சு வந்தது. கேட்டுப் பார்த்த வக்கீல் அவசரப்படாதீர்கள் என்றார். முதலில் அதிகாரியிடம் மனுக் கொடுத்தீர்களா, அவர் முடிவெடுத்தாரா என்றுதான் கேட்பார்கள், பெரும்பாலும் மனுவைப் பரிசீலிக்கச் சொல்லி உத்தரவு போட்டு அனுப்புவார்கள், அதை இப்போதே காகிதத்தில் செய்துகொண்டுதானே இருக்கிறீர்கள் என்றார். கிராமப் பொது நிலம் பற்றி உச்சநீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் கொடுத்த தீர்ப்பின் நகலை மட்டும் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுத்த மனுவோடு இணைக்கச் சொன்னார். இணைத்தோம். பீஸ் வாங்கவில்லை.

கடைசியில் வட்டாட்சியர் அறிக்கையில் மூன்று காரணம் எழுதினார்: ஊர் மக்களின் ஆட்சேபணை, கிராம சபைத் தீர்மானம், புலத்தில் ஓடை உட்படுவது. பரிந்துரை செய்ய இயலவில்லை. ஆட்சியர் அலுவலகத்தில் கோப்பு திருப்பி அனுப்பப்பட்டது. மூன்றில் எது அதிகம் வேலை செய்தது என்று கேட்டால் ஓடைதான் என்பேன். நீர்வழி என்றால் அதிகாரிகளுக்கு நீதிமன்றப் பயம் இருக்கிறது. புல்லுக்கு அந்தப் பயம் இல்லை. கௌதாரிக்கும் அழுங்குக்கும் சுத்தமாக இல்லை.

ஆனால் பதிவேட்டில் இன்னும் தரிசுதான். அது அப்படியே இருந்தால் நாளைக்கு வேறு யாராவது வருவார்கள். யு.டி.ஆர். பிழையைத் திருத்தி மேய்க்கால் என்று மாற்றக் கேட்டு மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனுப் போட்டிருக்கிறோம், விசாரணைக்குத் தேதி வரவில்லை. வருஷா வருஷம் வருவாய்க் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தியிலும் இதே மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்கினோம்.

இன்னொன்றும் இருக்கிறது. சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் என்று 2023இல் சட்டசபையில் நிறைவேற்றினார்கள், இப்போது நடைமுறையில் இருக்கிறது. குறைந்தது 100 ஹெக்டேர் உள்ள பெரிய திட்டங்களுக்கு உள்ளே வரும் அரசு நிலத்தையும் நீர்நிலையையும் சேர்த்து ஒருங்கிணைக்க வழி செய்யும் சட்டம் அது. எங்கள் கரட்டடி மட்டும் 100 ஹெக்டேர் வராது. தெற்கே இரண்டு ஊர்களின் தரிசையும் நடுவில் இருக்கும் பட்டா நிலங்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வந்துவிடும். அதனால் அந்த ஊர்களின் அ-பதிவேட்டையும் என் கடையிலேயே பிரிண்ட் எடுத்து, எந்தெந்தப் புல எண் தரிசு என்று இருக்கிறது, எதில் ஓடை போகிறது என்று பென்சிலால் குறித்துக் கொடுத்திருக்கிறோம். அதில் ஒரு ஊர்க்காரர்கள் பழைய பதிவேட்டு நகலுக்கு மனுப் போட்டுவிட்டார்கள். இன்னொரு ஊரில் ஊர்ப் பெரியவரான அம்பலகாரரைப் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம்.