ராத்திரி 2 மணி முறை

பக்கவாதம் வந்த பெரியவரை வீட்டுக்குக் கூட்டிவந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோதான் வீட்டுப் பராமரிப்பு நர்ஸ்களான எங்களை அழைப்பார்கள். கட்டில் மாறியிருக்கும், காற்று ஏறி இறங்கும் ஏர் பெட் வந்திருக்கும், மேசையில் மாத்திரை அட்டைகள் குவிந்திருக்கும். "நல்லாத்தான் பாத்துக்கறோம் சிஸ்டர்" என்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் நாங்கள் முதலில் கேட்பது வேறு: ராத்திரி 2 மணிக்கு இவரை யார் திருப்பிப் படுக்க வைக்கிறீர்கள்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், போர்வையை விலக்காமலே வால் எலும்புப் பகுதி எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

படுக்கைப் புண் கவனக்குறைவால் வருகிறது என்று சொந்தக்காரர்கள் மருமகளைப் பார்த்துச் சொல்வார்கள். பகல் முழுக்கக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் வீட்டிலும் அது வரும். எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே தோலும் சதையும் நசுங்கும்போது அங்கே ரத்த ஓட்டம் நின்றுபோகிறது. சில மணி நேரம் அப்படியே கிடந்தால் போதும், உள்ளே சதை சாகத் தொடங்கிவிடும். நமக்குப் படுத்த இடம் வலித்தால் தூக்கத்திலேயே புரண்டுவிடுகிறோம். அவரால் அது முடியாது.

தோல் சிவந்தால் கவனியுங்கள் என்று சொல்லி அனுப்புவார்கள். நம் ஊர்த் தோலில் சிவப்பு அவ்வளவு சுலபமாகத் தெரியாது. கறுத்தோ லேசாக ஊதா கலந்தோ தெரியும், சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையை வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். வால் எலும்பு, இரண்டு இடுப்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, பின்மண்டை: குளிப்பாட்டித் துடைக்கும்போது இத்தனை இடமும் பார்த்தாக வேண்டும். நிறம் மாறிய இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்ப்பது பாசத்தில் செய்யும் தப்பு. உள்ளே ஏற்கெனவே நசுங்கிய சதை இன்னும் கிழியும். அந்த இடத்தில் பாரம் படாமல் படுக்க வைப்பதுதான் முதல் மருந்து. நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையத்தை வைப்பவர்களும் உண்டு. அந்த வளையம் சுற்றிலும் அழுத்தி, நடுவே ரத்தம் வராமல் செய்துவிடும்.

திருப்புவதற்குப் பலத்தைவிட முறைதான் முக்கியம். பழைய வேட்டி ஒன்றை நான்காக மடித்து, தோளிலிருந்து தொடை வரை வருமாறு அவருக்கு அடியில் போட்டு வையுங்கள். அவரை வலப்பக்கம் திருப்ப வேண்டுமென்றால் முதலில் இரண்டு பேர் அந்த வேட்டியைப் பிடித்துத் தூக்கி, கட்டிலின் இடது ஓரத்துக்கு நகர்த்த வேண்டும். இழுக்கக் கூடாது, இழுத்தால் மேல்தோல் உரியும். பிறகு வலப்பக்கம் வந்து நின்று, அவருடைய இடது முழங்காலை மடக்கி, இடது கையை மார்பின் மேல் வைத்து, ஒரு கையைத் தோள்பட்டையிலும் மறு கையை இடுப்பிலும் கொடுத்து, "திருப்புறேன்பா" என்று சொல்லிவிட்டு நம் பக்கமாக உருட்ட வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள். அந்தத் தோள் மூட்டைப் பிடித்து வைக்கத் தசையில் வலு இருக்காது, நழுவிவிடும். அப்புறம் மாதக்கணக்கில் வலி.

முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பாரமெல்லாம் இடுப்பு எலும்பில் இறங்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு இருந்தாலே போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கெண்டைக்காலுக்கு அடியில் மடித்த துண்டு, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி. கடைசியாக வால் எலும்புக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் சரியாகப் படுத்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஏர் பெட் வாங்கியாயிற்று, இனி திருப்ப வேண்டாம் என்று நினைப்பதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. அதற்கு மேல் ரப்பர் ஷீட், பெட்ஷீட், கம்பளி, டயப்பர் ஷீட் என்று நான்கு அடுக்கு போட்டால் காற்று ஏறி இறங்குவது உடம்புக்குத் தெரியவே தெரியாது. ஒரு பருத்தி விரிப்பு போதும். பெட்டுக்கு அடியில், இடுப்புக்கு நேராக உள்ளங்கையை விட்டால் எலும்பு கையில் தட்டக் கூடாது. தட்டினால் காற்று போதவில்லை. கரண்ட் போனால் சில பெட்டில் காற்று சீக்கிரமே இறங்கிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பதுதான் எல்லோருக்கும் சொல்லித்தரப்படும் கணக்கு. மூன்று ஷிஃப்ட் ஆள் உள்ள வார்டில் அது நடக்கும். வீட்டில் ஒரே பெண், அதுவும் காலையில் வேலைக்குப் போகிறவர், ராத்திரி நான்கு தடவை எழுந்தால் பத்தே நாளில் அவரும் படுத்துவிடுவார். பகலில் கறாராக இருங்கள். ராத்திரிக்கு, பெட் சரியாக வேலை செய்து, காலையில் தோலில் மாற்றம் எதுவும் இல்லையென்றால், 10, 2, 6 என்று வைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் கருத்து. தோல் நிறம் மாறினால் மறுபடி இடைவெளியைக் குறைக்க வேண்டியதுதான்.

அந்த நேரங்களோடு மற்ற வேலைகளையும் கோத்துவிட்டால் பாதிச் சுமை இறங்கும். மூக்கு வழி டியூப்பில் உணவு என்றால் காலை 6 மணி தொடங்கி 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவு 9 வரை ஆறு வேளை, வேளைக்கு 200 முதல் 250 மில்லி. திருப்புவதும் டயப்பர் மாற்றுவதும் உணவுக்கு முன்னால்தான். கொடுத்த கையோடு தலையைத் தாழ்த்தினால் கஞ்சி மேலேறி நுரையீரலுக்குள் போகும். கொடுக்கும்போது தலைப்பக்கம் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்து முடித்து ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். அதனால்தான் கடைசி உணவு 9, திருப்புவது 10. ஊற்றும் முன் மூக்கருகே டியூப்பில் போட்ட அடையாளம் நகரவில்லையே என்று பார்த்து, சிரிஞ்சால் லேசாக உறிஞ்சிப் பார்க்க வேண்டும். அடையாளம் நகர்ந்திருந்தாலோ, ஊற்றும்போது இருமலோ மூச்சுத் திணறலோ வந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். சிரிஞ்சை அமுக்கித் தள்ளாமல் உயர்த்திப் பிடித்தால் கஞ்சி தானாக இறங்கும். கேழ்வரகுக் கஞ்சி ஆறினால் கெட்டியாகிவிடும், துணியில் வடிகட்டாவிட்டால் டியூப் அடைக்கும். முன்னும் பின்னும் 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். மாத்திரையை எல்லாம் ஒன்றாகப் பொடித்துக் கலக்காதீர்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது, எது அந்த வகை என்று டாக்டரிடம் கேட்டு அட்டையில் பேனாவால் எழுதி வையுங்கள். சிறுநீர் பிரியும் மாத்திரையைச் சாயங்காலம் கொடுத்தால் ராத்திரி முழுக்க ஈரம்தான். அதைக் காலைக்கு மாற்றலாமா என்றும் அப்போதே கேட்டுவிடலாம்.

யூரின் டியூப் இருந்தும் பக்கவாட்டில் ஒழுகினால் டியூப் சரியில்லை என்று மாற்றச் சொல்வார்கள். மலம் போய் எத்தனை நாளாயிற்று என்று கேளுங்கள். இறுகிய மலம் அழுத்தினாலும் சிறுநீர் ஒழுகும். அதே இறுகல்தான் சில சமயம் தண்ணீர் தண்ணீராகக் கசிந்து பேதி மாதிரியும் ஏமாற்றும். அப்போது பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் இன்னும் கெடும்.

24 மணி நேர அட்டெண்டர் வைத்த வீடுகளிலும் அந்த 2 மணிக் கேள்வி தீர்ந்துவிடுவதில்லை. 24 மணி நேரமும் கூட இருப்பவர் 24 மணி நேரமும் விழித்திருக்க முடியுமா? அவருக்குப் பகலில் நான்கு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க இடம் கொடுத்த வீட்டில்தான் ராத்திரி வேலை நடக்கிறது. பேரன் பேத்திகள் இருந்தால் தாத்தாவைத் தூக்கச் சொல்ல வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால், அந்த நேரத்தில் பெரியவர்கள் குளித்துச் சாப்பிடலாம். பார்த்துக்கொள்பவர் மனைவியே என்றால் அவருக்கும் எழுபது வயதிருக்கும், முட்டி வலி இருக்கும், தன் பி.பி. மாத்திரையை மறந்திருப்பார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவருக்குப் பிசியோதெரபியும் உண்டு. அவர்கள் வரும்போது அந்த அம்மாவின் கையிலும் ஒருமுறை பி.பி. பட்டையைக் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு. நேரம், எந்தப் பக்கம், தோல் எப்படி என்று மூன்றே கட்டம். ஒரு வாரம் கழித்துப் போய்ப் புரட்டினால் சில நோட்டுகளில் 2 மணிக் கட்டம் மட்டும் ஏழு நாளும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதியதாக இருக்கும். யாரையும் கேட்பதில்லை, தோலைத்தான் பார்க்கிறோம். இன்னொரு வீட்டு நோட்டில் அதே கட்டத்தில் "தூங்கிட்டேன்" என்று இருக்கும், அடுத்த வரியில் "6 மணி: வலது இடுப்பு சூடு, இடது பக்கம் போட்டாச்சு" என்றும் இருக்கும்.